எட்டு அலைகளை வைத்துப் பார்த்த நாள்

2009-இல் என் கணித ஆய்வேடு அச்சுக்குப் போகும் நிலையில் இருந்தது. கடலூர் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரம் பல்கலைக்கழகத்துக்கு ஐந்து ஆண்டுகள் பேருந்தில் போய்வந்து எழுதியது. ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்ப வரும் அலைகளைச் சற்றே கலைத்தால் அவை அந்த வடிவத்தை ஒட்டியே நிலைக்குமா, சிதையுமா என்பது கேள்வி. நிலைக்கும் என்று நிறுவியிருந்தேன். ஜூனுக்குள் சமர்ப்பித்தால் கடலூரில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. அதை நம்பித்தான் தங்கை மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள்.

எங்கள் தெருவில் அலை என்றாலே சுனாமி நினைவுதான். பக்கத்து வீட்டு மாமா என்னைப் பார்க்கும்போதெல்லாம், அடுத்தது வருவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுவிடச் சொல்வார். விளக்கி விளக்கி ஓய்ந்திருந்தேன்.

எழுத்துப் பிழை பார்க்க, புவனகிரியிலிருந்து வரும் சக ஆய்வாளனிடம் நான்காம் இயலைக் கொடுத்தேன். அவன் கண் வேறிடத்தில் நின்றது.

“என்னா மச்சான், கம்ப்யூட்டர்ல ஒத்த அலையத்தான் வச்சி ஆட்டியிருக்க. எட்ட வரிசையா வச்சிப் பாத்தியா?”

பார்க்கவில்லை. கணக்கு விரைவில் முடியட்டும் என்று ஓர் அலையின் நீளத்துக்கே இடம் ஒதுக்கியிருந்தேன். அதைவிட நீண்ட கலக்கம் அதற்குள் தோன்றவே முடியாது. நிரூபணமும் அந்த எல்லைக்குள்தான் நின்றது.

அன்றே எட்டை வைத்து ஓட்டினோம். நெடுநேரம் ஒன்றும் நிகழவில்லை. பிற்பகலில் ஓர் அலை உயர்ந்தது, பக்கத்து அலை தாழ்ந்தது. மாலைக்குள் எட்டில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை.

முன்னுரையில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்றார் நெறியாளர். ‘ஒரே அலைநீளக் கலக்கங்களுக்கு மட்டும்.’ அது பொய்யாகாது. ஆனால் தலைப்பு முழு நிலைத்தன்மையை அல்லவா சொல்கிறது? தலைப்பை மட்டும் நம்பி யாரோ ஒருவர் தன் ஐந்து ஆண்டுகளை அதன்மேல் கட்டக்கூடும். தலைப்பை மாற்றவோ ஆய்வுக் குழு கூடியாக வேண்டும். அதற்கு ஆறு மாதம் ஆகும்.

“எல்லாரும் அப்படித்தாம்பா போடறாங்க,” என்றார். தலைப்பு மாற்ற விண்ணப்பத்தை நீட்டினேன். கையெழுத்திட்டார்.

கல்லூரி வேறொருவரை எடுத்துக்கொண்டது. தங்கையிடம் நானே சொன்னேன்.

“தப்ப வேற யாருன்னா கண்டுபுடிச்சாங்களா, நீயே போயி சொன்னியா?”

நானேதான் போய்ச் சொன்னேன் என்றேன். திங்கட்கிழமை காலை, ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர என்னுடன்தான் பேருந்து நிலையம்வரை வந்தாள்.