முப்பது நோன்பு

மலேசியாவில், எங்கள் மூவார் ஊர்த் தெருவில் ரமலான் முப்பது நாளும் விடாமல் நோன்பு பிடித்த பெண் நோர்மஸியா ஒருத்திதான். மூன்று வருடம் ஒரு நாள் தவறவில்லை. அவள் அம்மா சல்பியா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள். பக்கத்து வீட்டுக்காரி நானும் சேர்ந்து பாராட்டினேன். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நோன்பு பிடிப்பதில்லை. விட்டதைப் பிறகு பிடித்து ஈடுகட்டுவார்கள். இருபத்தாறு வயதுப் பெண்ணுக்கு அந்த நாட்கள் ஏன் வரவில்லை என்று எங்களில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. நல்ல கண்கள் எங்களுக்கு!

கேட்டது டாக்டர்தான். நோர்மஸியா முப்பத்தாறு கிலோவில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது.

"மூணு வருஷமாவா? ஒரு நோன்புகூட விடலையா?"

"ஒண்ணுகூட விடல டாக்டர்," என்றாளாம், பெருமையாக.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நோன்பு இல்லாத மாசத்துலயும் நீ சாப்பிடாம சாப்பிடாம, பஞ்சம் வந்துடுச்சுன்னு உன் மூளை நெனச்சுக்கிச்சும்மா. மாதவிலக்குக்கான ஹார்மோனையே நிறுத்திடுச்சு. எலும்பு தேயுது. மூளையும் சுருங்கியிருக்கு, அதான் ஒரே நெனப்புல மாட்டிக்கிட்டு நிக்கிற. சாப்பிட்டா பெரும்பாலும் திரும்பிடும். உடம்பு முதல்ல தேறும், மனசு கடைசியா. அதுவரைக்கும் நோன்பு கூடாது."

அடுத்த ரமலானுக்குள் அவளுக்குக் கன்னம் நிரம்பிவிட்டது. வந்தது வினை. பார்த்தால் நோயாளி மாதிரியே தெரியவில்லை.

"எலும்பும் தோலுமா இருந்தப்ப முப்பதும் புடிச்ச. இப்ப தேறினதும் முடியலையாக்கும்?" என்றாள் அவள் சித்தி, சல்பியாவின் தங்கை.

மதியம் நோர்மஸியா சமையலறையில் தனியாகச் சாப்பிட்டாள். கவளத்துக்குக் கவளம் உள்ளே ஒரு குரல் திட்டியது.

"வெளிய சித்தி, உள்ள அது. ரெண்டும் ஒரே பேச்சுதான் பேசுதுக்கா," என்றாள் என்னிடம்.

பதினோராம் நோன்பன்று மாதவிலக்கு வந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னாள். சல்பியா கட்டிக்கொண்டு அழுதாள். தானே மீன்குழம்பைச் சுடவைத்துப் போட்டாள். தங்கைக்குப் போன் செய்து, "அவளுக்கு அந்த நாளுடி, அதான் புடிக்கல," என்றாள். வெளியே சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிட்டதே! ஆறு நாள் அந்த வீட்டில் மகளுக்குச் சோறு நிம்மதியாக இறங்கியது.

ஏழாம் நாள் சல்பியா கேட்டாள்: "குளிச்சிட்டியா? நாளைக்கு விடியுமுன்ன சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பவா?"

"இல்லம்மா. இன்னும் கொஞ்ச நாள் நான் சாப்பிட்டே ஆகணும்."

மறுநாள் மதியம் சல்பியா கைப்பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நோர்மஸியா அழுதுகொண்டே சோறு போட்டுக்கொண்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.