கோசோங் ரத்தம்

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகளைக் காஜா பேராங் ரோட்டுக் கடைக்காரர்கள் இன்னும் அவிழ்க்கவில்லை. தம்பி பிறந்தபின் அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்காமல், ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அப்பாவும் தாய்மாமாவும் கொடுக்க வந்தார்கள். இங்கிலீஷ் பேச நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதை யாரையும் மறக்க விடமாட்டேன்.

ரத்தம் சோதிப்பவர் எங்கள் பக்கத்துச் சிட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறி மலாய் பேசிப்போன தமிழ் வம்சம். நெற்றியில் திருநீறு உண்டு, தமிழ் வராது, மலாயோ இங்கிலீஷோதான். இருவர் விரலிலும் குத்தி, வெள்ளை ஓட்டில் சொட்டுகள் வைத்து, ஏதோ நீர் கலந்து மெல்ல ஆட்டினார். மாமாவின் ரத்தம் பால் திரிந்ததுபோல் துணுக்குத் துணுக்காகப் பிரிந்தது. அப்பாவுடையது ஒன்றும் ஆகாமல் அப்படியே கிடந்தது.

மாமாவிடம் வேண்டாம் என்று கையசைத்தார். அப்பாவைக் காட்டி, "ஓ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் புட்டி எடுக்க உள்ளே போனார்.

எங்கள் டீச்சர் எண்களை வாசிக்கும்போது சைபரை 'ஓ' என்றுதான் சொல்வார். அவரை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்றாகிவிடுமே.

"என்னம்மா சொல்றாரு?"

"ஒங்களுக்குக் கோசோங்காம்ப்பா."

மலாய் வார்த்தை; எங்கள் வீட்டில் சைபரும் கோசோங்தான், காலிப் பானையும் கோசோங்தான். மாமா சிரித்துவிட்டார். "அப்பவே நெனச்சேன் மச்சான்! ரோட்டுல மண்ணு வெட்டியே எல்லாம் வேர்வையா போயிருச்சு. டாங்கி காலி!"

அப்பா சிரிக்கவில்லை. குத்திய விரலையே பார்த்தார். "அவளுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டுவிட்டு வெளியே நடந்தார்.

புட்டியோடு வந்தவர் அப்பா எங்கே என்றார். கோசோங் என்றீர்களே என்று மலாயில் சொன்னேன். "கோசோங் இல்லை. அது எழுத்து, ரத்தத்தின் வகை. உன் அம்மாவும் அதே வகை. ஓடு, கூப்பிடு!"

அப்பா கேட்டருகே சாக்கடை ஓரம் குந்தியிருந்தார். "ஓங்கிறது எழுத்தாம்ப்பா. ஒங்க ரத்தம்தான் அம்மாவுக்குச் சேருமாம்." நான் முடிப்பதற்குள் எனக்கு முன்னால் ஓடினார்.

அம்மாவைப் பிழைக்கவைத்த அந்தப் புட்டி நிறைந்துகொண்டிருந்தபோது மாமா கதவருகே நின்று, "படிச்ச புள்ள நல்லாத்தான் எடுத்துச் சொல்லிச்சு, போ!" என்றார்.

கட்டிலில் கிடந்த அப்பா தலையைத் தூக்கினார். "சும்மா இருடா. எம் மவ சரியாத்தான் சொல்லுவா. இந்தாளுதான் ஒளறிட்டான்." புட்டியருகே நின்ற சிட்டிக்காரரை முகவாயால் காட்டினார்.

தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று அவருக்குப் புரிந்தது. புட்டியிலிருந்து கண்ணை எடுத்து, அப்பா என்ன சொல்கிறார் என்று இங்கிலீஷில் என்னைக் கேட்டார்.

"உங்களுக்கு நன்றி சொல்கிறார்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்து, அப்பாவின் கையைத் தட்டிக்கொடுத்தார்.