பஸ்ஸில் சாகாத ஓடக்காரன்

“வியாழன். முதல் ஷிஃப்ட். பொன்னேரியில் ஏறியது 5.05. தச்சூர் கூட்ரோட்டில் லாரி நெரிசல். தாமதம் 22 நிமிடம். இன்று நாகன் சாகவில்லை.”

என் பழைய நோட்டில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது. கிழமை இருக்கிறது, நிமிடம் இருக்கிறது, வருடம் இல்லை. எதையும் தேதி போட்டு எழுதுகிறவன் என்று தெரிந்தவர்கள் மத்தியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரின் லட்சணம் இதுதான்.

அந்த நோட்டைத் தேடி எடுக்க வைத்தது ஒரு சலூன். போன ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டப் போயிருந்தேன். டிவியில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பெயரை எழுதவில்லை, நாவலைப் படித்தவர்களுக்குப் பெயர் வேண்டியிருக்காது. மூன்று பாகம், ஆயிரத்துச் சொச்சம் பக்கம். ஏரிக்கு அடியில் ஒரு நகரம், மேலே மூடுபனியில் ஏழு வாசல்கள், மனிதர்களின் நிழலைக் கொத்திக்கொண்டு போகும் பறவைகள். கல்லூரியில் படித்த காலத்திலிருந்து நான் ஐந்து முறை படித்த புத்தகம். காலிப் படகு வரும் காட்சி நெருங்கியது. எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தேன். கடைக்காரர் என் பின்கழுத்தில் கத்தியை வைத்திருந்தார்.

“இந்தப் படம் கதைய கெடுத்துட்டாங்களாம் சார். படிச்சவங்களே சொல்லிக்கிறாங்க” என்றார்.

கழுத்தில் கத்தி இருக்கும்போது நான் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அவர் சொன்ன அந்தப் ‘படிச்சவங்க’ நான்தான்.

கடையைப் பினாயில் போட்டுத் துடைத்திருந்தார்கள். காலை ஐந்து மணிக்கு எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் இதே வாடைதான் அடிக்கும். பொன்னேரியில் கிளம்பி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாகத் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டை வரை அந்த வாடையோடு போக வேண்டும். கும்மிடிப்பூண்டி தாண்டுவதற்குள் மல்லிகைப்பூவும் எலுமிச்சை சாதமும், முதல் நாள் சட்டையைத் துவைக்காமல் போட்டு வந்தவர்களின் மெஷின் கூலன்ட் எண்ணெய் நாற்றமும் சேர்ந்துவிடும். கண்ணாடிகள் திறக்காது. அவசர வழிக் கதவைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். ஏறிவிட்டால் ஒரு மணி நேரம் நாம் பஸ்ஸுக்குச் சொந்தம். நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். உருளைகளின் விட்டத்தை அளந்து நேரம் போட்டு எழுதுவது வேலை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கை சும்மா இருக்காமல்தான் இந்த நோட்டுகள் எல்லாம் நிரம்பின.

பஸ்ஸின் பாட்டுப் பெட்டி கெட்டுப்போனதில் எல்லாம் தொடங்கியது. நான் நான்காவது சீட்டில் நாவலை விரித்து வைத்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர் ஏழுமலை, “தெனம் படிச்சிக்கினே வர்றியே, அதுல அப்படி இன்னாதான் கீது? எங்களுக்கும் சொல்லேன், எனுக்குத் தூக்கம் வராம இருக்கும்” என்றார். அறுபது பேருடைய உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் சொல்லத் தொடங்கினேன். ஒரு வாரத்தில் எனக்கு ‘புக்கு’ என்று பெயர் விழுந்தது. “இன்னா புக்கு, இன்னிக்கு யார சாவடிக்கப் போற?” என்று ஏறும்போதே கேட்பார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து வந்து கும்மிடிப்பூண்டியில் ஏறும் சுப்பையா, “நைனா, நேத்து வுட்ட எடத்துலர்ந்து சொல்லு, நடுவுல எதுனா முழுங்கின, பேஜாராயிடும்” என்று மிரட்டுவார். ஏறியதும் குறட்டை விடுகிற அவர் கூடத் தூங்காமல் கேட்டது எனக்குக் கிடைத்த விருது.

டிரைவருக்குப் பின் சீட்டில் சரோஜா அக்கா உட்காருவார். பேக்கிங் பிரிவு. பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து இருட்டிலேயே ஷேர் ஆட்டோ பிடித்து வருவார். கதையில் அவருக்கு ராணியும் வேண்டாம், பறவையும் வேண்டாம், ஓடக்காரன் நாகன் மட்டும் போதும். துடுப்பை அவன் பிடிக்கும் விதத்தை நான் சொன்னால், “அப்டி புடிச்சா கை எரியும் தம்பி” என்று திருத்துவார். எழுதியவர் தவறவிட்டதை நான் அவர் சொன்னபடி மாற்றிச் சொன்னேன். அதுதான் என் முதல் திருத்தம். கெட்ட பழக்கங்கள் இப்படித்தான் சின்னதாகத் தொடங்கும்.

இரண்டாம் பாகத்தின் முடிவில் நாகன் இளவரசியை மூடுபனியின் கடைசி வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புவான். கரையில் எல்லோரும் காத்திருப்பார்கள். படகு மட்டும் வரும். அந்த அத்தியாயத்தை நான் ஒரு வியாழக்கிழமைக்குக் கணக்குப் பண்ணி வைத்திருந்தேன். அதே வாரத் திங்கட்கிழமை, விசைப்படகில் கூலிக்குப் போன சரோஜா அக்காவின் தம்பியைப் பற்றித் தகவல் நின்றுபோனது. காற்றும் மழையும். படகில் போன நால்வரில் ஒருவரைப் பற்றியும் சேதி இல்லை. லீவு கிடைக்காததால் அக்கா வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். பஸ் முழுக்க விஷயம் தெரியும். யாரும் கதை கேட்கவில்லை. தச்சூர் கூட்ரோட்டில் பஸ் நின்றுவிட்டது. முன்னும் பின்னும் லாரிகள். அக்காதான் திரும்பிப் பார்த்தார்.

“சொல்லு தம்பி. சும்மா ஒக்காந்துகினு இருந்தா மனசு எங்கயோ போவுது. நாகன் பனிக்குள்ள போனான். அப்பறம்? திரும்பி வந்தானா?”

ஏழுமலை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். இறங்கி ஓட வழியில்லை.

“படகு கவுந்துடுச்சிக்கா. ஆனா நாகன் நீந்தி ஒரு உப்புத் தீவுல ஏறிட்டான். அங்க உயிரோட கீறான்.”

அக்கா ‘ம்’ என்று முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் முதல் நான் மாட்டிக்கொண்டேன். மூன்றாம் பாகத்தில் நாகனின் மகன் துடுப்பை எடுப்பதுதான் கதை. அப்பன் சாகாமல் மகன் எப்படித் துடுப்பை எடுப்பான்? முன்னூறு பக்கத்தை மூடி வைத்துவிட்டு நானே சமைக்க வேண்டியதாயிற்று. நாகனைக் கரையேற்றிவிடவும் பயம். அவன் வந்து, அக்காவின் தம்பி வராவிட்டால்? அதனால் அவனைக் கட்டுமரம் கட்ட வைத்தேன், சுறாவோடு பேச வைத்தேன், திசை தவற வைத்தேன். அக்கா தினம் ஏறியதும், “இப்ப எங்க கீறான்?” என்பார். “கிட்ட வந்துட்டான்க்கா” என்பேன். கடைசி நாளில், தொலைவில் ஒரு துடுப்பு தெரிகிறது என்று சொல்லிக் கதையை முடித்தேன். பஸ் கைதட்டியது. அக்காவின் தம்பி அதுவரை வரவில்லை.

அதன்பின் படம் அறிவித்தார்கள். நாகனாக நடிப்பவர் பெரிய நட்சத்திரம் என்றதும் எனக்கு ஒரே கவலை. ரசிகர்களுக்காக அவனைப் பிழைக்க வைத்துவிடுவார்களோ? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள்தான் உறைத்தது: அவர்கள் செய்துவிடக் கூடாது என்று நான் பயந்த காரியத்தை நான் ஏற்கெனவே செய்து முடித்திருந்தேன்.

படம் வெளிவந்ததும் பொன்னேரியில் ஒரு ஞாயிறு பகல் காட்சிக்குப் பதினோரு பேர் போனோம். வரிசையின் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள், சந்தேகம் கேட்பதற்காக. இடப்பக்கம் ஏழுமலை, வலப்பக்கம் சரோஜா அக்கா. அந்தப் படத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தை இங்கே எழுதிவிடுகிறேன். இதுவரை எங்கும் எழுதியதில்லை. நிழல் பறவைகள் கம்ப்யூட்டர் காக்கைகள், மன்னிக்க முடியாது. ராணியின் புடவை ஏரிக்கு அடியிலும் கசங்கவில்லை. பாட்டுகளில் இரண்டு அதிகம். மூன்றாம் பாகத்தை இருபது நிமிடத்தில் சுருட்டிவிட்டார்கள். ஆனால் காலிப் படகு வந்தபோது இசையை நிறுத்திவிட்டார்கள். பலகையில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும். நாவலில் அந்த இடத்தில் என்ன இருந்ததோ அது அப்படியே திரையில் இருந்தது. அது நல்ல படம்.

“இருங்க, வருவான். புக்குல வர்றான்” என்று ஏழுமலை பின் வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார். மகன் துடுப்பை எடுத்தான், போர் வந்தது, முடிந்தது. பெயர்கள் ஓடத் தொடங்கின. எங்கள் வரிசை எழுந்திருக்கவில்லை. தொழில்நுட்பக் கலைஞர்கள், உணவு ஏற்பாடு, நன்றி எல்லாம் ஓடி, தியேட்டர்காரர் வந்து விளக்கைப் போட்டு, “எந்திரிங்கபா, அவ்ளோதான்” என்று விரட்டும் வரை பதினோரு பேரும் நாகனுக்காகக் காத்திருந்தோம். வலப்பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பஸ்ஸில் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். “அவ்ளோ டப்பு செலவு பண்ணி எடுத்தானுங்களே, ஒருத்தன் கூடவா புக்க படிக்கல?” என்றார் சுப்பையா. “நீ எழுதிப் போடு புக்கு, ஊரு தெரிஞ்சிக்கட்டும்” என்றார் ஏழுமலை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பஸ்ஸின் வாட்ஸப் குழுவில், மூலக்கதையைப் படித்தவன் என்ற முறையில் இது துரோகம் என்று நான்கு வரி எழுதினேன். திருவள்ளூரில் இருக்கும் என் சித்தி மகன் இரண்டு நாள் கழித்து, யார் எழுதியது என்று தெரியாமலே அதை எனக்கு அனுப்பி, ‘கரெக்டா சொல்லிகீறாரு’ என்று போட்டிருந்தான்.

அந்த வார வெள்ளிக்கிழமை, திரும்பும் பஸ்ஸில் சரோஜா அக்கா தன் சீட்டை விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கும்மிடிப்பூண்டி மேம்பாலத்தில் பஸ் நகரவில்லை.

“தம்பி, புக்குல அவன் வர்றானா?”

நான் நோட்டை மூடி வைத்தேன். “வரலக்கா. புக்குலயும் காலிப் படகுதான்.”

“அப்ப படம் எடுத்தவன் ஒயுங்காதான் எடுத்துகீறான்.”

“ஆமாக்கா.”

கொஞ்ச நேரம் முன் சீட்டின் கிழிந்த ரெக்சினைத் தடவிக்கொண்டிருந்தார். “அந்தப் படகு வந்திச்சி பாரு, அப்பதான் எனுக்கு அழுகையே வந்துது. இம்மாம் நாளா வரல. நீ அவன வுடாம இட்டுகினே வந்துட்ட. நான் போயி ஊட்ல சொல்வேன், இன்னிக்கு தீவுல கீறான், இன்னிக்கு கட்டுமரம் கட்டறான்னு. எங்கம்மா அதக் கேட்டுகினு காலைல கரைக்குப் போவும். இன்னும் போய்க்கினுதான் கீது.”

நான் நோட்டைப் பைக்குள் தள்ளினேன்.

“நல்லதுக்குத்தான் சொன்ன. நான் எங்கம்மாகிட்ட சொல்லிக்கிறேன். நீ இவுங்ககிட்ட சொல்லிடு. பாவம், அந்தப் படம் எடுத்தவன போட்டுத் திட்டிகினு கீறாங்க.”

“சொல்றேன்க்கா” என்றேன். சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை சுப்பையா அந்த நான்கு வரியை எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார், நானும் சிரித்தேன். அப்புறம் மழைக்காலத்தில் அந்த பஸ் தடத்தையே எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தக்காரரின் வேன்கள் வந்தன; பெண்களுக்கு வேறு நேரம், எங்களுக்கு வேறு நேரம். சரோஜா அக்கா வேலையை விட்டு நின்றது எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஏழுமலை இப்போது ஒரு பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறார். அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். வாட்ஸப் குழுவில் காலை வணக்கப் பூ மட்டும் வருகிறது.

சென்ற மாதம் ரயிலில் சுப்பையாவைப் பார்த்தேன். ஒரு கல்யாணத்துக்காகப் பழவேற்காட்டுக்குப் போனபோது அக்காவின் வீட்டு வழியாக நடந்ததாகவும், கதவு திறந்திருந்ததாகவும், உள்ளே சுவரில் ஒரு படத்துக்கு மாலை போட்டிருந்ததாகவும் சொன்னார். யாருடைய படம் என்று கேட்டேன். தெருவிலிருந்து சரியாகத் தெரியவில்லை என்றார். அது தம்பியின் படமா, அம்மாவுடையதா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.