ரோகிணி மேடம் நீக்கச் சொன்ன பத்தி

ரோகிணி மேடத்துக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினோமா என்று தெருவரை வந்த பிறகும் திரும்ப மாடியேறிப் பார்ப்பார். பிரின்சிபால் அறையிலிருந்து ஃபோன் வந்தால் நாக்கு உலர்ந்துவிடும். கேளம்பாக்கம் பக்கம் ஓர் என்ஜினியரிங் கல்லூரியில் டெக்னிக்கல் ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிற இவர் பயப்படாத ஒரே இடம் மாணவர்களின் கட்டுரை. அங்கே மட்டும் புலி.

இந்த வருடம் நோட்டுக்குப் பதில் வலைப்பதிவு. ஆளுக்கொன்று தொடங்கி, யாருக்காவது நிஜமாகவே உபயோகப்படுகிற செய்முறை விளக்கம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். ஊர் உலகமே படிக்கலாம். பாதிப் பேர் வைஃபை பாஸ்வேர்டு மாற்றுவது எப்படி என்று ஒரே சமாசாரத்தை வேறு வேறு தலைப்பில் போட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். ஜாய்ஸ் மட்டும், குழந்தைகளோடு கடலில் குளிப்பது எப்படி என்று எழுதினாள். அவள் வீடு மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பை ஒட்டி. அந்தக் கரையில் எந்தப் பக்கம் இறங்குவது, எதுவரை போவது, யார் கையை யார் பிடிப்பது எல்லாம் தெளிவாக இருந்தது. கடைசியில் நீளமாக ஒரு பத்தி, அவள் சித்தப்பா மகன் ஸ்டீபனைப் பற்றி. வெளியிடும் முன் பார்த்த மேடம் அதன் ஓரத்தில், 'சொந்தக் கதை வேண்டாம், நீக்கவும்' என்று குறித்தார். ஜாய்ஸ் நீக்கினாள். மார்க் போடுகிறவர் சொன்னால் எந்தப் பிள்ளை எதிர்த்துப் பேசும்?

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை காலை. மேடம் சமையலறையில் நின்றபடி ஃபோனில் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாய்ஸ் பதிவின் கீழே முன்பின் தெரியாத ஒருவர் முந்தின நாள் எழுதியிருந்தார்: 'மிகவும் பயனுள்ளது. நாளைக் காலை பிள்ளைகளோடு அங்கேதான் வருகிறோம்.' மேடத்துக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே ஜாய்ஸைக் கூப்பிட்டார்.

"பாத்தியா ஜாய்ஸ், உன்னோடதைப் படிச்சிட்டு ஒரு ஃபேமிலி இன்னிக்குக் குளிக்க வருதாம்!"



"இன்னிக்கா? அய்யோ மேம், மழைக் காலத்துல அங்க எறங்கவே கூடாது மேம். மணலு சரிஞ்சி பள்ளமா கீது. முழங்கால் தண்ணியே உள்ள இஸ்துகினு பூடும். ஸ்டீபன் அப்டித்தான் பூட்டான்."

"அதை ஏம்மா எழுதலை?"

"எழுதினேன் மேம். கடைசி பாரால. நீங்கதான்..." அவள் முடிக்கவில்லை. "நான் ஓடுறேன் மேம்."

மேடத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ ஸ்கூட்டியைக் கிளப்பிக் கோவளம் வழியாக ஈ.சி.ஆர் சாலையைப் பிடித்தார். பின்சீட்டில் குழந்தைகள் தெரிகிற ஒவ்வொரு காரையும் எட்டிப் பார்த்தார். அந்தப் பத்தியில் என்ன இருந்தது என்று நினைத்து நினைத்துப் பார்த்தார். ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. முதல் வரியைத் தாண்டி அவர் படிக்கவே இல்லை. படிக்காமலே நீக்கச் சொல்லியிருக்கிறார், இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது, நீங்களே சொல்லுங்கள்.

தோப்பைத் தாண்டியதும் இரண்டு சின்னப் பிள்ளைகள் தெரிந்தன. மணலில் நின்று, சொட்டச் சொட்ட நனைந்து, வீறிட்டு அழுதுகொண்டிருந்தன. உயிரோடு இருக்கின்றன. ஜாய்ஸ் நனைந்த நைட்டியோடு, கடலை மறைத்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். பிள்ளைகளின் அப்பா ஃபோனை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

"யாரும்மா நீ? எங்க பசங்களைப் பிடிச்சு இழுக்குற! இதோ பார், காலேஜ் பிளாக்ல போட்டிருக்கு. கீழே அவங்க மேடமே, 'முழுமையான விளக்கம், எதுவும் விடுபடவில்லை'ன்னு எழுதியிருக்காங்க."

"அத எழுதினதே நான்தான் சார்."

"நீயா? அப்போ ஆபத்துன்னு ஏன் எழுதலை? பிள்ளைங்க உசுரோட விளையாடுறியா?"

ஜாய்ஸ் மேடத்தைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதான் சார். மன்னிச்சிக்கோங்க."

பேசாமல் திரும்பிப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பு மேடத்துக்கு வந்தது, வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வேலை போய்விடுமே என்ற பயமும் இருந்தது.

"இவ எழுதியிருந்தா சார்." அலைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னார். "இவ எழுதியிருந்தா. அந்த மேடம் நான்தான். இவ தம்பி இங்கே செத்ததை எழுதியிருந்தா. நான்தான் படிக்காம எடுக்கச் சொன்னேன்."

அடிக்கவே வருவார் என்று மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அந்த மனிதரின் முகம் வெளுத்திருந்தது.

"மேடம், இதை எங்க ஃப்ளாட் குரூப்ல போட்டுட்டேனே. காலையிலயே நாலஞ்சு பேர் கிளம்பினாங்க. எந்தப் பக்கம் எறங்கியிருக்காங்கன்னு தெரியலையே."

எல்லோரும் கரை நெடுகத் திரும்பிப் பார்த்தார்கள். தெற்கே, தூரத்தில், தண்ணீருக்கு மேல் சின்னச் சின்னதாகச் சில தலைகள் தெரிந்தன. ஜாய்ஸ் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தாள்.