பண்பொழிக்கு வண்டி ஓட்டிய மதினி

அண்ணன் மகள் உமா போன் செய்தபோது பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் இருந்தேன். "அத்தை, அம்மா போயிட்டா" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்தான் போனை வாங்கி விவரம் சொன்னார். காலையில் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். பாவூர்சத்திரம் தாண்டியதும் பஸ் ஜன்னல் வழியாகச் சாரல் முகத்தில் அடித்தது. குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டது என்று முன் சீட்டில் யாரோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

சண்முகவடிவு என் அண்ணன் மனைவி. தென்காசி அரசு மருத்துவமனையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவர் வடிவு சிஸ்டர். பிரசவ வார்டில் அவர் கையில் பிறந்த பிள்ளைகள் இன்று ஊர் முழுக்க இருக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்கள் அன்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த வடிவு சிஸ்டரை அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுத நினைப்பது சனிக்கிழமைகளில் எங்களை வேனில் ஏற்றிக்கொண்டு பண்பொழிக்குப் போன மதினியைப் பற்றி.

அண்ணன் கோமதிநாயகம் செங்கோட்டையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். கேரளாவுக்கு லோடு அனுப்புகிற தொழில். அதற்காகப் புனலூருக்குப் போகவர இருந்தவர், ஒருநாள் அங்கிருந்து அப்பாவுக்குப் போன் செய்தார். அங்கே ஒரு பெண்ணோடு இருப்பதாகவும் இனிமேல் வரப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உமாவுக்கு அப்போது பத்து வயது. என் வீட்டுக்காரர் ராணுவத்தில் வடக்கே இருந்ததால் நானும் என் இரண்டு மகன்களும் தென்காசியில் அப்பா, அம்மா, மதினியோடு அதே வீட்டில்தான் இருந்தோம். அதனால் அந்த நாட்களை நான் அருகில் இருந்து பார்த்தேன்.

விஷயம் தெரிந்ததும் மதினியின் அப்பா பண்பொழியிலிருந்து காரோடு வந்து இறங்கினார்.

"ஏட்டி வடிவு, பெட்டிய எடு. இங்கன இனி உனக்கு என்ன இருக்கு?"

"என் டூட்டி இங்கன இருக்கு. உமா பள்ளிக்கூடம் இங்கன இருக்கு. போனது அவரு. நான் எதுக்குப்பா போகணும்?" என்றார் மதினி.

அவர் அழுவார் என்றும் கத்துவார் என்றும் எதிர்பார்த்து வந்திருந்த சொந்தக்காரர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். மதினியும் சீருடையை மாட்டிக்கொண்டு மத்தியான டூட்டிக்குக் கிளம்பிவிட்டார்.

உடைந்துபோனது எங்கள் அப்பாதான். தபால் ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் தலைநிமிர்ந்து வேலை பார்த்தவர். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் உள்ளறைக்குள் போய்விடுவார். மருமகள் பரிமாறினால் தட்டைப் பார்த்தபடியே சாப்பிடுவார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வருவதில்லை. பிள்ளைகள்கூட வீட்டுக்குள் தணிந்த குரலில் பேசப் பழகிவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. பழைய ஆம்னி வேன் ஒன்று நின்றது. ஓட்டுநர் இருக்கையில் மதினி. எப்போது ஓட்டப் படித்தார், எப்போது வாங்கினார் என்று எங்களுக்குத் தெரியாது.

"மாமா, கிளம்புங்க. எங்கப்பா தோப்புல மாங்கா பறிக்காங்க. எல்லாரும் போயிட்டு வருவோம்."

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உங்கப்பா தோப்புக்கு வரச் சொல்லுத?"

"எங்கப்பாவுக்கு உங்கள ஏசணும்னா வீட்டுக்கு வந்த அன்னைக்கே ஏசியிருப்பாவ. நீங்க ஒண்ணும் செய்யலையே மாமா. வாங்க."

அப்பா வேனில் ஏறினார். செங்கோட்டையைத் தாண்டி மேற்கே மலை பக்கத்தில் வந்ததும், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பண்பொழியில் திருமலைக் கோயில் குன்று தெரிகிற பாதையில் திரும்பினால் தோப்பு. மதினியின் அப்பா முள்கம்பிப் படலைத் திறந்துவிட்டு நின்றார். சம்பந்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மதினியின் அப்பா கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வேட்டியில் துடைத்து நீட்டினார்.

"வாங்க சம்மந்தி. இந்த வருசம் புளிப்பு கூடிப்போச்சுங்காங்க. நீங்க ஒரு வாய் பாத்துச் சொல்லுங்க."

அப்பா அதை வாங்கிக்கொண்டார். சாப்பிடாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மாமரத்தடியில் துண்டை விரித்து இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மழை பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மதினி அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. பம்புசெட்டில் பிள்ளைகளைக் குளிக்க விட்டுவிட்டு, எலுமிச்சம்பழச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு சனிக்கிழமை என்றால் பண்பொழி என்றாகிவிட்டது. அதற்காக மதினி யார் யாருடைய இரவு டூட்டியையோ வாங்கிப் பார்த்து அந்த ஒரு நாளை மீட்டுக்கொள்வார். காய்ப்பு இல்லாத மாதங்களிலும் போவோம். சருகு கூட்டுவோம், தேங்காய் பொறுக்குவோம், சும்மா படுத்தும் கிடப்போம். சீசன் நாட்களில் திரும்பும்போது ஐந்தருவியில் குளித்துவிட்டு, அங்கே கடைகளில் மங்குஸ்தான் வாங்கித் தின்றுகொண்டே வருவோம். பிள்ளைகளின் சட்டையெல்லாம் கறையாகும். அம்மா ஏசுவாள். அம்மா ஏச ஆரம்பித்துவிட்டாள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

உமா மட்டும் தன் அப்பாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒருநாள் திரும்பி வரும்போது முன் சீட்டிலிருந்து சட்டென்று கேட்டாள். "எம்மா, அப்பா நம்மள நினைப்பாவளா?"

மதினி கியரை மாற்றிவிட்டுச் சொன்னார்: "அது எனக்குத் தெரியாதுட்டி. அவுகளத்தான் கேக்கணும். உன் மனசு ஆறும்ங்கதுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன்." உமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து தன் அம்மா சொல்வது எதையும் அவள் சந்தேகப்பட்டதில்லை.

உமா கல்லூரிக்குப் போன பிறகு அண்ணன் திரும்பி வந்தார். அதுவும் ஒரு சனிக்கிழமைதான். வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். மெலிந்து, நரைத்து, இடது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் தெருமுனையிலிருந்து வந்தார். அம்மாதான் முதலில் அடையாளம் கண்டு ஓடினாள். அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புனலூரில் அந்த உறவு முறிந்துவிட்டதென்றும், பக்கவாதம் வந்து பிழைத்ததாகவும், செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டு தனியாக இருப்பதாகவும் அண்ணன் சொன்னார்.

மதினி அவருடைய இடது கையைப் பிடித்து விரல்களை மடக்கிப் பார்த்தார். வார்டில் ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தார்.

"மாத்திர ஒழுங்கா சாப்பிடுதியளா?"

"சாப்பிடுதேன்."

"காலைல சாப்பிட்டியளா?"

அண்ணன் வீட்டு வாசலைப் பார்த்தார். "வடிவு, உள்ள வரட்டுமா?" என்று கேட்டார்.

மதினி குரலை உயர்த்தவில்லை. "வேன்ல எடம் இருக்கு. வீட்ல இல்ல. தோப்புக்கு வாரதுன்னா ஏறுங்க. இட்லி இருக்கு. சாயங்காலம் செங்கோட்டைல இறக்கி விட்டுருதேன்."

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். உமா தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். "நான் வரல." "சரி, தாத்தாவுக்குத் துணையா இரு" என்றார் மதினி. அன்று தோப்பில் அம்மா மகன் சாப்பிடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

சொந்தத்தில் இதைப் பேசாதவர்கள் கிடையாது. புருஷனை வேனில் ஏற்றுகிறாள், வீட்டில் ஏற்றமாட்டேன் என்கிறாள், இது என்ன நியாயம் என்று கேட்டார்கள். சேர்த்து வைக்கிறேன் என்று வந்தவர்கள் உண்டு, வண்டியிலும் ஏற்றாதே என்று வந்தவர்களும் உண்டு. நானும் ஒருநாள் தோப்பில் வைத்து மதினியிடம் கேட்டேன்.

"பார்வதி, அவுக உங்கம்மாவுக்கு மகன். உமாவுக்கு அப்பா. அத நான் பறிக்க முடியாது. எனக்குப் புருசனா இருக்கணுமா வேண்டாமாங்கதுதான் என் கையில இருக்கு. வேண்டாம்னு தோணுது. அம்புட்டுதான்" என்றார். சற்று நேரம் கழித்து, "எனக்கு ஒண்ணும் வலிக்கலன்னு நினைச்சிராத" என்றார். அவர் வலியைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்பாவும் நாளடைவில் மறுபடி வேனில் ஏற ஆரம்பித்தார். முன் சீட்டில் அவர், பின் சீட்டில் அண்ணன். இருவருக்கும் பேச்சு கிடையாது. அந்த வருஷ சீசனில் ஐந்தருவிக்குப் போனோம். என் மகன்கள் அப்போது வெளியூரில் படித்தார்கள். அப்பாவுக்குக் கால் தள்ளாட்டம் வந்திருந்தது. ஆண்கள் பக்கம் அவரைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. மதினி எண்ணெய்க் கிண்ணத்தை அண்ணன் கையில் கொடுத்து, "நீங்க மாமாகூட போங்க" என்றார். அவர்கள் போன பக்கம் எங்களுக்குத் தெரியவில்லை. தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவும் இல்லை. நாங்கள் குளித்து முடித்து வந்தபோது அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஒற்றைக் கையால் அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"காதுல தண்ணி போயிட்டுலே. நல்லாத் துவட்டு" என்றார் அப்பா.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மதினி வேன் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார்.

அப்பா இறந்தபோது அண்ணனுக்கு ஆள் அனுப்பியது மதினிதான். "இன்னைக்கு இது மாமா வீடு. மகன் வரணும்" என்று வாசல் கதவு இரண்டையும் திறந்துவைத்தார். காரியம் எல்லாம் அண்ணன்தான் செய்தார். பதினாறாம் நாள் சாயங்காலம் சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, நடுவீட்டில் தயங்கி நின்றார். இனி இங்கேயே இருக்கும்படி மதினி சொல்வார் என்று நாங்களும் நினைத்தோம். மதினி அவருக்கு ஒரு தம்ளர் காப்பி கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு செங்கோட்டைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அம்மா இறந்தபோதும் அப்படித்தான் நடந்தது. ஆனால் எந்தச் சனிக்கிழமையும் அவரை ஏற்றாமல் போனதில்லை. உமாவும் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு வர ஆரம்பித்தாள். அவள் மகன் தாத்தாவின் மடியில் விளையாடுவான். அவள் மட்டும் கடைசிவரை அவரை அப்பா என்று கூப்பிடவில்லை. கூப்பிடு என்று மதினி ஒருநாளும் சொன்னதில்லை.

மதினியின் உடல் வீட்டுக்குள் இருந்தபோது அண்ணன் எதிர்ச்சாரியில் மழையில் நனைந்துகொண்டு நின்றார். வாசலை மிதிக்கவில்லை. பெரியவர்கள் சிலர் உமாவிடம் போய், "உங்கப்பாவ உள்ள கூப்பிடும்மா, இன்னைக்காவது" என்றார்கள். ஒருவர் தானே கூப்பிடப்போவதாகக் கிளம்பினார். உமா அவரைத் தடுத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். நானும் குடையோடு பின்னால் போனேன்.

"இதுல உக்காருங்க" என்றாள் அவரிடம். "அம்மா உங்கள வீட்டுக்குள்ள கூப்பிடல. அவ வீட்டுக்குள்ள நானும் கூப்பிட மாட்டேன். ஆனா தூக்கும்போது எங்கூட நடந்து வாங்க."

அண்ணன் தலையை ஆட்டினார். "அதுதாம்மா சரி" என்றார். அவர் அழுததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். சுடுகாட்டுக்கு உமாவும் போனாள். கொள்ளி வைத்தது அவள்தான். அண்ணன் அவளுக்கு ஓர் அடி பின்னால், சாரலில், கடைசிவரை நடந்தார்.

மதினியின் நினைவாக எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று உமா என்னிடம் சொன்னாள். பீரோவைத் திறந்தும் காட்டினாள். நான் எதுவும் எடுக்கவில்லை. என் பாளையங்கோட்டை வீட்டுக்குப் புகுந்த வீட்டுச் சொந்தம், பிறந்த வீட்டுச் சொந்தம், சண்டை போட்டவர்கள், போடப்போகிறவர்கள் என்று பலரும் வருகிறார்கள். ஒருவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டி வந்தால் முன்பெல்லாம் எனக்குக் குரல் நடுங்கும், அல்லது கோபம் வரும். மதினிக்கு இரண்டும் வந்ததில்லை. பசிக்கிறதா என்று கேட்ட அதே குரலில்தான் முடியாது என்பதையும் சொன்னார். சொன்ன பிறகு அந்த மனிதரை வெறுக்கவும் இல்லை. அந்தக் குரலைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் அது என் தொண்டைக்குச் சரியாகப் படியவில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.