சத்தம் கேட்டு ஓடியவன்

எறையூரை விட்டு நடந்துகொண்டிருந்தேன். கரும்பு வெட்டு முடிந்துவிட்டது. அடுத்த வெட்டு எங்கே என்று மேஸ்திரிக்கே தெரியவில்லை... எனக்கு எப்படித் தெரியும்?

தோளில் ஒரு துணிப்பை. அதில் ஒரு லுங்கி, ஒரு சட்டை, சாக்கில் சுற்றிய கரும்புக் கத்தி. உள்ளங்கையில் கொப்புளங்கள் உடைந்து காய்ந்திருந்தன. கொஞ்ச தூரம் ஒரு டிராக்டர் ஏற்றிக்கொண்டது. பிறகு ஒரு சிமென்ட் லாரி. அரியலூர் டவுனைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் குவாரிகள் இருக்கிற பக்கமாக லாரிக்காரர் இறக்கிவிட்டுப் போனார்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவன். எந்த ஊரிலும் நிலைக்காதவன். அன்று எனக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

இறங்கிய ஊரில் வேப்பமரம்கூட வெள்ளையாக இருந்தது. எல்லாம் கல் தூசி. முக்கில் ஒரு டீக்கடை. எதிரே மேடை, பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரிய பிளெக்ஸ் — எம்.எல்.ஏ. பேசும் தேசப் பாதுகாப்பு விளக்கக் கூட்டம்.

டீக்கடை மல்லிகா அக்காவிடம் கேட்டேன். "குவாரியில ஆள் எடுக்கிறாங்களாக்கா?"

"எந்த ஊரு தம்பி?"

"சும்மா சுத்திக்கிட்டிருக்கேங்க்கா..."

"அப்படி ஒரு ஊரா? எந்த பஸ் போவுது?" என்றபடி டீயை நீட்டினார். "எந்தம்பி குவாரியிலதான் இருக்கான். வரட்டும், கேப்போம்."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். எம்.எல்.ஏ. பேச ஆரம்பித்திருந்தார்.

நன்றாகவே பேசினார் என்று சொல்லவேண்டும். கத்தவில்லை. பயங்கரவாதத்துக்குச் சாதி, மதம் கிடையாது என்றார். இனிமேல் சண்டை எல்லையில் மட்டும் நடக்காது, டிரோனில் நடக்கும், செல்போனில் நடக்கும் என்றார். பனியில் நிற்கும் ஜவான்களைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகன் ராணுவத்தில் இருக்கிறானாம்.

"எல்லைய ராணுவம் பாத்துக்கும். ஊர நீங்கதான் பாத்துக்கணும். தெரியாத ஆள் வந்தா விசாரிங்க. கேட்பாரில்லாம பை கெடந்தா தொடாதீங்க... போலீசுக்குச் சொல்லுங்க!"

என் பையைக் காலாலேயே பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஏன் தள்ளினேன்? தெரியவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அக்கா கடையிலிருந்தே குரல் கொடுத்தார். "எல்லைய டெல்லிக்காரங்க பாத்துக்குவாங்க சார்! எங்க வூட்டுச் செவுரு வெடிச்சுக் கெடக்கே, அத எப்ப பாப்பீங்க?"

கூட்டம் சிரித்தது. எம்.எல்.ஏ.வும் சிரித்தார். "பாக்குறேம்மா. அதுவும் பாதுகாப்புதான்."

அப்போது எங்கோ தூரத்தில் ஒரு சங்கு ஊதியது. மைக் சத்தத்தில் அது சரியாகக் கேட்கவில்லை. அக்கா மட்டும் பேச்சை நிறுத்தாமல், பலகையில் இருந்த கண்ணாடி கிளாஸ்களை எடுத்து எடுத்துக் கீழே மணலில் வைத்தார். கடையை மூடுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"நம் வீரர்கள் எதற்கும் அஞ்சாதவர்கள்..." என்றார் எம்.எல்.ஏ.

டமார்!

பெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, நான் ஓடிக்கொண்டிருந்தேன். வாய்க்காலைத் தாண்டி, கருவேலம் புதருக்குள் விழுந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

வேறு யாருமே ஓடவில்லை!

நாற்காலிகளில் எல்லோரும் அப்படியே இருந்தார்கள். ஒரு பெரியவர் பீடியைச் சாவகாசமாகப் பற்றவைத்தார். மேடையில்தான் மைக் தனியாக நின்றது. எம்.எல்.ஏ. மேஜைக்கு அடியில் இருந்தார், அவர் மேல் அவருடைய பாதுகாப்புக்காரர்.

குவாரியில் வெடி வைத்திருந்தார்கள். அங்கே அது வாடிக்கை; முன்னால் ஊதிய சங்கு அதற்கான எச்சரிக்கை, அக்கா கிளாஸ்களை இறக்கியது அந்த அதிர்வுக்குத்தான். கூட்டம் ஏற்பாடு செய்தவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். நாற்காலி சொன்னார்கள், மைக் சொன்னார்கள், மாலை சொன்னார்கள். வெடி நேரத்தைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அந்தா ஒருத்தன் ஓடுனான், புடி!" என்று பந்தோபஸ்துக்கு வந்திருந்த எஸ்.ஐ. கத்தினார்.

பிடித்தார்கள். பெஞ்சுக்கு அடியில் கிடந்த பையை எஸ்.ஐ. ஒரு குச்சியால் கிளறினார். சாக்கு விலகியது. கத்தி.

"ஆதார் எங்க?"

"மழையில நனைஞ்சு போச்சுங்க சார்."

"உன்னத் தெரிஞ்சவங்க யாரு?"

யாரைச் சொல்வது? இதற்கு முன்பும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே அடிகூடப் பரவாயில்லை. வந்து 'இவன் எங்க ஆளு' என்று சொல்ல ஒருவர் இல்லாதவன் உள்ளே போனால், எப்போது வெளியே வருவான் என்பது அவன் கையில் இல்லை. ஜீப்பின் பின்கதவைத் திறந்துவிட்டார்கள்.

அக்கா வடிகட்டியும் கையுமாக வந்துவிட்டார். "சார், ஒண்ணு கேக்குறேன். குண்டு வெச்சவனுக்கு எப்ப வெடிக்கும்னு தெரியாதா? காதப் பொத்திக்கிட்டுல்ல ஒக்காந்திருப்பான்? இவரு வாய்க்காத் தாண்டி விழுந்திருக்காரு!"

"கத்தி எதுக்கு வெச்சிருக்கான்?"

"கரும்பு வெட்டுற கத்திய நீங்க பாத்ததில்லையா? தம்பி, கைய விரிச்சுக் காட்டுங்க."

காட்டினேன். எஸ்.ஐ. பார்த்தார். ஆனாலும் விடவில்லை. "அப்பறம் எதுக்கு ஓடணும்? இத்தன பேரு ஒக்காந்திருக்காங்கல்ல?"

"புது ஆளு, பயந்துட்டாரு. நம்ம சாரு மட்டும் எங்க இருந்தாராம்?"

எம்.எல்.ஏ. வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி வந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"விடுங்கய்யா" என்றார் எஸ்.ஐ.யிடம். "பயந்ததுக்குக் கேஸு போடுறதுன்னா மொதல்ல எம்மேல போடுங்க."

ஜீப் கதவு சாத்தப்பட்டது. அவர் பக்கத்தில் நின்ற கட்சிக்காரரைப் பார்த்தார். "இந்நேரத்துக்கு வெடிப்பாங்கன்னு ஏன்யா சொல்லல?"

கட்சிக்காரர் தலையைச் சொறிந்தார். "எங்களுக்கெல்லாம் அது காதுலயே வுழுறதில்லண்ணே..."

மீதிப் பேச்சை எம்.எல்.ஏ. பேசவில்லை. அக்கா வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்தார். விரிசலுக்குள் விரலை விட்டார். விரல் முழுசாக உள்ளே போனது. விரலைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

தேசப் பாதுகாப்பு பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் அன்று ஒன்று தோன்றியது. பயப்படாதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பயமே போய்விட்ட ஊரில் கிளாஸ் தப்பிக்கிறது, சுவர் பிளக்கிறது. யாராவது ஒருவன் பயப்பட்டால்தானே என்ன சத்தம் என்று கேட்பார்கள்?

கடை பெஞ்சிலேயே படுத்து எழுந்தேன். அக்காவின் தம்பி குவாரிக்குக் கூட்டிப்போனார். அங்கே வெடி நேரத்தில் பாதையை மறித்து நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. முன்பு இருந்தவர் உள்ளூர்க்காரர். சங்கு ஊதியும் நகராமல் உட்கார்ந்தே பழகியவர். கல் தெறித்துக் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"இவருக்கு என்ன தெரியும்?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"சத்தம் கேட்டா ஓடுவாருங்க" என்றார் அக்காவின் தம்பி.

உடனே சேர்த்துக்கொண்டார்கள். காலையிலேயே கையில் சிவப்புக் கொடியைக் கொடுத்துவிட்டார்கள் — தெரியாத ஆள் யாரையும் உள்ளே விடக்கூடாதாம்!