இரண்டு பிரேக் உள்ள கார்

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவள்தான். மீதிப் பாதி அவர்களுக்குப் பயந்து ஓரமாக நடக்கிறது என்று நான் சொல்வதுண்டு. சொன்ன கையோடு சாப்பாட்டு மேசைக்கு அடியில் என் பாதத்தில் ஒரு மிதி விழும்.

அது கோபத்தில் மிதிப்பது இல்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் காலடியில் இன்னொரு பிரேக். அந்த இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்து அவள் கால் அதற்கே பழகிவிட்டது. உறவுக்காரர்கள் முன்னால் நான் ஒரு ஜோக்கை ஆரம்பித்தால் மிதி. கடையில் யாராவது தள்ளுவண்டியோடு நெருங்கி வந்தால் தரையில் மிதி. தூக்கத்தில்கூட மிதிப்பாள். யாரைக் காப்பாற்றினாளோ தெரியாது, எனக்குக் கணுக்கால் வீங்கும். அவளிடம் படித்தவர்கள் எல்லாருக்கும் அவள் ‘பிரேக் அக்கா’.

அந்த ஸ்கூலில் போன் எடுப்பது, கார் கழுவுவது, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, இவை என் வேலை. எனக்கு ஓட்டத் தெரியாது. வாலிபத்தில் நானும் அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவன்தான். மூன்றாவது கியருக்கு என் கை போகும்போதெல்லாம் அவள் கால் பிரேக்குக்குப் போகும். லைசென்ஸ் கிடைக்கவில்லை, கல்யாணம் நடந்தது.

பள்ளிப் படிப்பில் அவள் கெட்டிக்காரி. முடித்த கையோடு அவள் அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொள்ள, அவர் நடத்திவந்த டிரைவிங் ஸ்கூலும் கார்ச் சாவியும் இவள் தலையில் விழுந்தன. கல்லூரிக்குப் போகவில்லை என்ற ஏக்கம் மட்டும் போகவே இல்லை. யார் வீட்டுச் சுவரிலாவது பட்டம் வாங்கிய படம் மாட்டியிருந்தால், கறுப்பு அங்கி, தொப்பி எல்லாவற்றையும் நின்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஆனால் அதைப் பற்றி வாயைத் திறந்தால் மிதி விழும் என்பதால் திறந்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் பேராசிரியர் வந்து சேர்ந்தார். கிறிஸ்தவக் கலைக் கல்லூரி ஒன்றில் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறவர். “இனிமே உங்களை ஏத்திக்கிட்டு அலைய மாட்டேன்” என்று அவர் வீட்டம்மா கையை விரித்துவிட்டாராம். நல்ல மனிதர். ஆனால் எதைச் சொன்னாலும் “இன்னொரு பக்கமும் இருக்கு” என்பார். சிவப்பு விளக்கிலும் அவருக்கு இன்னொரு பக்கம் தெரியும்.

முதல் வாரத்திலேயே ரவுண்டானாவில் மாட்டிக்கொண்டார். எந்தச் சாலையில் திரும்புவது என்று முடிவு செய்ய முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். நடுவில் இருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் முதலில் முறைத்தார், பிறகு சிரித்தார், கடைசியில் கையாட்ட ஆரம்பித்துவிட்டார்.

“சார், ஏதாவது ஒரு ரோட்டுல திரும்புங்க!”

“ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு நியாயம் இருக்கு மேடம்.”

“இப்படிப் பேசறதுக்கு உங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கறாங்க?”

“காலேஜ்ல குடுக்கறாங்க.”

“அந்தக் காலேஜை நான் பார்த்தே ஆகணும்” என்றாள் என் மனைவி.

சண்டை போடத்தான் போனாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வகுப்பைக் கேட்டுவிட்டு, கையில் விண்ணப்பத்தோடு திரும்பி வந்தாள். அங்கே வயது வரம்பு கிடையாதாம். காலையில் ஆலயத்தில் எல்லாரும் சேர்ந்து ஜெபம். பிறகு சரித்திரம், இலக்கியம், தத்துவம், வேதம் எல்லாம் கலந்த படிப்பு.

“என்னங்க, ஒரு மணி நேரம் ஒரே ஒரு கேள்வியப் பத்திப் பேசினாங்க. கடைசி வரைக்கும் யாரும் பதில் சொல்லல.”

“பதில் கிடைக்காத பேச்சுதானே வேணும்? அது நம்ம வீட்டுலயே கிடைக்குமே.”

“அங்க யாரும் கோவிச்சுக்கல.” காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் கார் என்று போனில் எல்லாருடைய நேரத்தையும் மாற்றி வைத்தேன்.

அவள் படித்த அழகைச் சொல்ல வேண்டும். சரித்திர வகுப்பில் இரண்டு ராஜாக்கள் எல்லைக்காகப் போரிட்டது ஏன் என்று கேட்டார்கள். ‘இருவருமே போதிய இடைவெளி விடவில்லை’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தாள். வேத வகுப்பில், வனாந்தரத்தில் நாற்பது வருஷம் சுற்றிய ஜனங்களைப் பற்றிப் பாடம் நடந்தபோது, “யாராவது ஒருத்தர் இறங்கி வழி கேட்டிருக்கலாமே” என்று மனசாரக் கவலைப்பட்டாள். கவிதை வகுப்பில் பக்கத்துப் பெண் ஏழாவது வரியிலேயே அழ ஆரம்பித்தபோது, “மெதுவா, மெதுவா, இன்னும் திருப்பம் இருக்கு” என்று தோளைத் தட்டிக் கொடுத்தாளாம்.

ஆலயத்தில் மட்டும் ஒரு சங்கடம். ஜெபத்தின்போது எல்லாரும் கண்ணை மூடுவார்கள். இவளால் முடியவில்லை. பக்கத்தில் யாரோ இருக்க, இவள் கண்ணை மூடுவதா? இத்தனை வருஷத்தில் அந்தப் பழக்கமே கிடையாது. கல்லூரிப் போதகர் ஜெபம் முடித்துக் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் முதலில் தெரிவது இவளுடைய அகலத் திறந்த இரண்டு கண்கள்தான். அவர் பாவம், தன் ஜெபத்தில் ஏதோ தப்பு இருக்கிறது என்று கொஞ்ச நாள் பயந்திருக்கிறார்.

கடைசி வருஷத்தில் ஒரு நீண்ட கட்டுரை எழுத வேண்டும். பேராசிரியர் இவளுக்குக் கொடுத்த கேள்வி இது: கடவுள் எல்லாம் வல்லவர் என்றால், மனிதன் சுதந்திரமானவன் என்று எப்படிச் சொல்வது? இவளுக்குக் கொண்டாட்டம். அரிசி களையும்போதும் எழுதினாள், பச்சை விளக்குக்குக் காத்திருக்கும்போதும் எழுதினாள். எங்கள் காரைத்தான் எழுதியிருந்தாள். மனிதன் ஓட்டுகிறான். கடவுள் பக்கத்து சீட்டில் இருக்கிறார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. இருந்தும் மிதிக்காமல் இருக்கிறார். அதுதான் சுதந்திரம்.

படித்துவிட்டு நான் அசந்து போனேன். பேராசிரியரும் அசந்துதான் போனார். வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு சொன்னாராம்: “ரொம்பப் பிரமாதம். ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. மேடம், நீங்க எப்பவாவது அந்த பிரேக்கை மிதிக்காம இருந்திருக்கீங்களா?”

வகுப்பே சிரித்தது. அந்த வகுப்பில் பாதிப் பேர் இவளிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள்.

மார்க் மட்டமாக வந்தது. கீழே ஒரு குறிப்பு: ‘எழுதியவரே நம்பாத உதாரணம். வாய்மொழித் தேர்வில் நிரூபிக்கவும்.’ அந்தத் தேர்வில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது, இன்னொரு வருஷம் உட்கார வேண்டும். காலையில் கார் சும்மா நிற்க, இன்னொரு வருஷம் ஸ்கூல் தாங்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அன்றைக்கு வீட்டில் நடந்து நடந்து தேய்ந்தாள். “மிதிக்காம இருந்தா அந்த ஆளு இன்னைக்கு உயிரோட இருந்து மார்க் போட்டிருப்பாரா?”

“அதுவும் ஒரு நியாயம்தான்” என்றேன்.

“நீங்களும் ஆரம்பிச்சுட்டீங்களா?” என்று கண் கலங்கிவிட்டாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. வீங்கினால் வீங்கட்டும் என்று என் காலை அவள் கால் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். மிதிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்தக் கல்லூரியில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வாய்மொழித் தேர்வு எங்கே நடக்க வேண்டும் என்று மாணவர்தான் சொல்ல வேண்டும். மனசு பயப்படாத இடத்தில் கேட்டால்தான் உண்மையான பதில் வரும் என்று கல்லூரியைத் தொடங்கியவர் நினைத்தாராம். நூலகத்தைக் கேட்டவர்கள் உண்டு, மரத்தடியைக் கேட்டவர்கள் உண்டு. ஒருவர் சமையலறையைக் கேட்டு, தேர்வாளர்கள் வெங்காயம் நறுக்கினார்களாம். குடும்பத்தில் ஒருவர் உடன் இருந்து பார்க்கலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. எனக்கு அதில் நல்ல அனுபவம் இருந்தது.

என் மனைவி தன் காரைக் கேட்டாள். “சார்தான் ஓட்டணும்” என்றாள். பேராசிரியர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. அதற்குள் மூன்று முறை லைசென்ஸ் பரீட்சைக்குப் போய்த் தோற்றுத் திரும்பிய மனிதர் அவர்.

தேர்வு நாள் காலையில் பேராசிரியர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பக்கத்தில் என் மனைவி. பின்னால் இரண்டாவது தேர்வாளரான போதகரும் நானும். போதகர் வண்டி கிளம்பும் முன்பே கண்ணை மூடிக்கொண்டார். என் மனைவி செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் தூக்கி சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பின் ஒரு முனையை வாயில் கவ்விக்கொண்டாள்.

“போலாம் சார்” என்றாள். தலைப்புக்கு நடுவில் அப்படித்தான் கேட்டது.

கார் குலுங்கிக் குலுங்கிக் கல்லூரி வாசலைத் தாண்டியது. பேராசிரியர் முதல் கேள்வியைப் பாதி கேட்டு, கியர் போட மறந்து, கியரைப் போட்டு, கேள்வியை மறந்தார். ஒரு சைக்கிள்காரர் எங்களைத் திட்டிக்கொண்டே முந்திப் போனார். என் மனைவி தலைப்பை இன்னும் கொஞ்சம் கடித்தாள். கால் அசையவில்லை.

ரவுண்டானா வந்தது. சுற்ற ஆரம்பித்தோம். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் எங்களை அடையாளம் தெரிந்து கையாட்டினார்.

“மேடம், எந்த ரோடு?” என்றார் பேராசிரியர்.

“உங்க இஷ்டம் சார்.”

“சொல்லுங்க மேடம், ப்ளீஸ்!”

“எழுதினதைத்தான் சார் பண்றேன்.”

மறுபடி சுற்றினோம். இன்னொரு முறையும் சுற்றினோம். அப்போது போதகர், கண்ணைத் திறக்காமலே, கேட்டார்: “அம்மா, ஒரு கேள்வி. இவர் இப்படித் தவிக்கிறாரே. காலடியில பிரேக் இருந்தும் கடவுள் சும்மா உட்கார்ந்திருந்தா, அதை அன்புன்னு எப்படிச் சொல்றது?”

என் மனைவி வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“இறங்கிப் போகலையே ஐயா” என்றாள். “பயமாத்தான் இருக்கு. ஆனா பக்கத்துலயேதானே உட்கார்ந்திருக்கேன்.”

பேராசிரியர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கையையும் திருப்பிவிட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்தார். அது சாலை இல்லை, ஒரு மெத்தைக் கடையின் வாசல்.

எதிரே ஒரு மெத்தை நடந்து வந்தது. தூக்கி வந்தவரின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அவருக்கு எங்களைத் தெரியவில்லை. பேராசிரியர் வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. என் மனைவி இரண்டு கையாலும் முழங்காலை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நான் மிதித்தேன். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து மிதித்தேன். பின் சீட்டில் பிரேக் இல்லை என்பது மிதித்த பிறகுதான் உறைத்தது. நான் மிதித்தது போதகரின் பாதம்.

அவர் “ஆண்டவரே!” என்று அலறினார். கார் நின்றது. நிறுத்தியது பேராசிரியர். அவருடைய கால், அவருடைய பிரேக். மெத்தை கார் மூக்கில் லேசாக முட்டி, அதன் ஓரத்திலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

“என்ன சைஸ் வேணும் சார்?” என்றது முகம்.

பேராசிரியர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “நானா நிறுத்தினேன்?” என்று இரண்டு தரம் கேட்டார்.

“நீங்கதான் சார்” என்றாள் என் மனைவி. அவளுடைய இரண்டு காலும் இன்னும் சீட்டின் மேலேயே இருந்தன. தலைப்பின் முனை கிழிந்திருந்தது.

“இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கான்னு யோசிச்சுப் பார்த்தேன் மேடம். இல்ல. நீங்க பாஸ்.”

போதகர் பாதத்தைத் தடவிக்கொண்டே தலையாட்டினார்.

“ரொம்ப நன்றி சார்” என்றாள் இவள். “ஆனா நீங்க சிக்னல் போடாமத் திரும்பிட்டீங்க. அடுத்த வாரம் வகுப்புக்கு வாங்க.”

பேராசிரியர் நடந்தே போவதாகச் சொல்லிவிட்டார். போதகர் நொண்டிக்கொண்டே அவரோடு போனார். மெத்தைக் கடை வாசலில் நாங்கள் இருவரும் நின்றோம். அவள் அழுதாள், சிரித்தாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சாவியை என் கையில் வைத்தாள்.

“நீங்க எடுங்க.”

“நானா? எல் போர்டு எனக்குமா?”

“எல்லாருக்கும்தான். எடுங்க.”

எடுத்தேன். ரவுண்டானாவில் திரும்ப வேண்டிய இடத்தில் ஒழுங்காகத் திரும்பினேன், சிக்னலும் போட்டேன். நேரான சாலை வந்தது. என் கை மூன்றாவது கியருக்குப் போனது. பழக்க தோஷத்தில் பிரேக்குக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கார் ஓடியது. அடடா, இதுதானா மூன்றாவது கியர் என்று சந்தோஷத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சம்மணம் போட்டபடி இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டிருந்தாள்.

“தூங்கறியா?” என்றேன்.

“ஜெபம் பண்றேன்” என்றாள். “நீங்க ரோட்டைப் பாருங்க.”